தேடிய இடத்தையே ஏன் மறுபடி தேடுகிறார்கள்?

ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஆளரவமில்லாத நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டிப் போன முதியவர் ஒருவரைக் காணவில்லை என்ற செய்தியை நாள்தோறும் படித்துவந்தேன். முதல் நாள் ஹெலிகாப்டர் பறந்த அதே சாலையின் மேல் மூன்றாம் நாளும் பறந்திருக்கிறார்கள். அங்கே இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு மறுபடியும்?"

என் தந்தைக்கு எண்பது வயது நெருங்குகிறது. இன்னும் கார் ஓட்டுகிறார். அதனாலோ என்னவோ, இந்தக் கேள்வி மனதை விட்டு அகலவில்லை. முதல் நாள் தெரிந்தது "அங்கே இல்லை" என்பதல்ல. "அங்கே பார்த்தோம், கண்ணில் படவில்லை" என்பது மட்டும்தான். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க ஒரு கணிதமே பிறந்திருக்கிறது.

தேடலின் முதல் சில மணி நேரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கடைசியாக யார் பார்த்தார்கள், எப்போது, எந்தத் திசையில் போனார், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று விசாரிப்பார்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 25 லிட்டர் இருந்தால் 375 கிலோமீட்டர்தான் எல்லை. கைப்பேசி கடைசியாக எந்தக் கோபுரத்தோடு பேசியது என்று பார்ப்பார்கள். பழைய 2ஜி முறையில், போனுக்கும் கோபுரத்துக்கும் இடையே சமிக்ஞை போய்வரும் நேரம் சுமார் 3.7 மைக்ரோ விநாடி கொண்ட படிகளாக எண்ணப்படுகிறது. அந்த நேரத்தில் ரேடியோ அலை ஏறத்தாழ 1,100 மீட்டர் ஓடும். போகவும் வரவும் என்பதால் அதில் பாதி, அதாவது ஒரு படிக்கு 550 மீட்டர். 4ஜியில் அந்தப் படி 78 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. இந்தத் தூரத்தை ஆரமாக வைத்துக் கோபுரத்தைச் சுற்றி ஒரு வளையம் வரைந்தால், நேரான சாலையை அது அதிகபட்சம் இரண்டு இடங்களில் வெட்டும்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த கோபுரத்தில் அந்த போன் பதிவாகவே இல்லை. அடுத்த ஊரின் நுழைவுக் கேமராவில் கார் தெரியவில்லை. வங்கி அட்டை எங்கும் பயன்படவில்லை. எல்லாமே "இல்லை"கள். தேடுபவர்கள் இந்த "இல்லை"களை வீணான தகவல்களாக ஒதுக்குவதில்லை. ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு பகுதியின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்கிறது.

அடுத்து, என்ன நடந்திருக்கலாம் என்ற ஊகங்கள். திடீர் மாரடைப்பு, சர்க்கரை தாழ்ந்து மயக்கம், தூக்கக் கலக்கத்தில் சாலையோரப் பள்ளம் என்று பல இருக்கலாம். முதியவருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருந்தால் கதை வேறு. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மூளை தனக்குள் ஒரு வரைபடமாக வைத்திருக்கிறது. நரம்பியலாளர் ஜான் ஓ'கீஃப் 1971-ல், மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும்போது துடிக்கும் 'இடச் செல்'களைக் கண்டார். மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் 2005-ல் அதன் பக்கத்தில் உள்ள என்டோரைனல் புறணியில், இடத்தைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் 'கட்டச் செல்'களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் அந்த என்டோரைனல் புறணியும் ஒன்று. வழி தவறிவிட்டோம் என்று உணர்ந்தால்தானே வண்டியைத் திருப்பத் தோன்றும்? அந்த உணர்வைத் தரும் கருவியே பழுதாகிவிட்டால், கார் எங்காவது சிக்கும் வரை, அல்லது பெட்ரோல் தீரும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். உலகெங்கும் நடந்த தேடல்களின் பதிவுகளைத் தொகுத்துவரும் அமெரிக்கரான ராபர்ட் கோஸ்டர், டிமென்ஷியா உள்ளவர்களைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: சிக்கிக்கொள்ளும் வரை போய்க்கொண்டே இருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் தர மாட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தாமஸ் பேயஸின் கட்டுரை 1763-ல், அவர் இறந்த பிறகு, அச்சானது. 'புதிய தகவல் வரும்போது பழைய நம்பிக்கையை எவ்வளவு மாற்ற வேண்டும்' என்ற அவருடைய விதியைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறோம். பள்ளியில் படித்த பின்னப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

நாம் தேடும் கார் மூன்று வகை இடங்களில் ஒன்றில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையும் அதன் இருபுறப் புதர்களும் 'அ': வாய்ப்பு 50 சதவீதம். பிரிந்து போகும் மண்பாதைகள் 'ஆ': 30 சதவீதம். வந்த வழியே திரும்பி வேறு சாலை பிடித்திருந்தால் 'இ': 20 சதவீதம். அனுபவசாலிகள் கூடி உட்கார்ந்து தரும் மதிப்பீடுகள் இவை. துல்லியமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, நேர்மையாக இருந்தால் போதும்.

முதல் நாள் 'அ'வின் மேல் ஹெலிகாப்டர் பறக்கிறது. கார் அங்கே இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு 70 சதவீதம். படவில்லை. கார் 'அ'விலேயே இருந்தும் தப்பியிருக்க வாய்ப்பு 50-ல் 30 சதவீதம், அதாவது 15. 'ஆ'வின் 30-ஐயும் 'இ'யின் 20-ஐயும் யாரும் தொடவில்லை. மூன்றையும் கூட்டினால் 65. கார் எங்கோ ஓரிடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? ஆகவே இந்த 65-ஐ நூறாக்கிப் பங்கிட வேண்டும். 'அ' 23 சதவீதமாக இறங்குகிறது, 'ஆ' 46, 'இ' 31. மண்பாதைகள் பக்கம் ஓர் ஆள்கூடப் போகவில்லை. ஆனாலும் அங்கே கார் இருக்கும் வாய்ப்பு 30-லிருந்து 46-க்கு ஏறிவிட்டது! ஓரிடத்தில் பார்த்த பார்வை இன்னோர் இடத்தைப் பற்றிப் பேசுகிறது. எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் இந்த இடத்தில் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது.

இரண்டாம் நாள் மண்பாதைகளில் ஜீப்புகள் போகின்றன. 80 சதவீத வாய்ப்போடு தேடியும் கிடைக்கவில்லை. 'ஆ'வின் 30 வெறும் 6 ஆகச் சுருங்குகிறது. அன்று மாலையே மற்ற சாலைகளின் கேமராப் பதிவுகளை 90 சதவீத நம்பகத்தோடு சலித்தாகிறது. அங்கும் இல்லை. 'இ'யின் 20 வெறும் 2 ஆகிறது. இப்போது மிஞ்சியவை 15, 6, 2. மொத்தம் 23. நூறுக்கு மாற்றிப் பாருங்கள்: 'அ' 65, 'ஆ' 26, 'இ' 9.

முதல் நாள் தேடி வெறுங்கையோடு திரும்பிய அதே நெடுஞ்சாலைதான் மூன்றாம் நாள் காலையில் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அதுவும் தொடக்கத்தில் இருந்த 50-ஐவிட அதிக வாய்ப்போடு. வாசகியின் கேள்விக்கு விடை இந்த 65-தான்.

அந்த 70 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளை வேட்டையாடிய அமெரிக்கக் கடற்படைக்காக, இத்தகைய வாய்ப்பைக் கணக்கிடும் முறையைக் கண்டறிந்தார். 1946-ல் அறிக்கையாகத் தொகுத்தார். விமானத்தின் இரு பக்கமும் சேர்த்து ஒரு 'வீச்சு அகலம்' உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்துக்கு உள்ளே தவறவிடுபவையும், வெளியே இருந்தும் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடுபவையும் எண்ணிக்கையில் சமமாகும் அளவு அது. கார் என்றால் அகலம் கூடும், தரையில் படுத்திருக்கும் மனிதர் என்றால் வெகுவாகக் குறையும். வீச்சு அகலம் 400 மீட்டர், பறந்த தூரம் 300 கிலோமீட்டர் என்றால் பார்வை துடைத்த பரப்பு 120 சதுர கிலோமீட்டர். தேட வேண்டிய பரப்பும் சரியாக 120 என்றால் முழுவதும் பார்த்தாயிற்று என்று நினைக்கத் தோன்றும். கூப்மன் கணக்கு அப்படிச் சொல்வதில்லை. காற்றும் திருப்பங்களும் பறக்கும் தடத்தைக் கலைக்க, சில இடங்களை இருமுறை பார்த்திருப்போம், சிலவற்றை விட்டிருப்போம். எதேச்சையாக விழும் தடங்களுக்கு, காணும் வாய்ப்பு 63 சதவீதம்தான். பரப்பைப்போல 1.2 மடங்கு பறந்தால் 70, இரண்டு மடங்கு பறந்தால் 86, மூன்று மடங்குக்கு 95. நூறு என்பது எப்போதும் வராது.

ஒரே இடத்தை மறுபடி தேடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியது ஒரு விமான விபத்து. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளில் உள்ள ஒலிக்கருவிகள் சுமார் 30 நாள் சத்தமிடும். அந்த ஒலியைக் கேட்க முதல் மாதமே கடலைச் சலித்தார்கள். எதுவும் கேட்கவில்லை. ஆகவே கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு அருகே விமானம் இல்லை என்று நம்பி, வேறு பக்கங்களில் தேடினார்கள். பிறகு மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிதவியலாளர்கள் எல்லாத் தகவல்களையும் பேயஸ் விதிப்படி அடுக்கி, ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒலிக்கருவிகளே வேலை செய்யாமல் போயிருந்தால்? அந்த ஒரு சந்தேகத்தைக் கணக்கில் சேர்த்ததும், கைவிடப்பட்ட பகுதி மீண்டும் ஒளிர்ந்தது. 2011-ல் அங்கே தேடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. முன்பே 'கேட்டு முடித்த' கடல்தான் அது.

நெடுஞ்சாலைக்கும் இது அப்படியே பொருந்தும். அடர்ந்த மரத்தடியில் கார் நுழைந்து நிற்கிறது என்றால், அதே உயரத்தில், அதே நேரத்தில், அதே திசையில் பத்து முறை பறந்தாலும் பத்து முறையும் மரம்தான் தெரியும். இரண்டாவது தேடல் முதல் தேடலின் நகலாக இருந்தால் 70 சதவீதத்தை மறுபடி பெருக்க நமக்கு உரிமை இல்லை. வெப்பக் கேமராவும் இப்படித்தான். மனித உடல் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. நண்பகலில் தரையும் உடல் அளவுக்குச் சூடேறிவிட்டால் பின்னணியோடு கலந்துவிடும். அதே கேமரா விடியலுக்கு முன் அற்புதமாக வேலை செய்யும்.

இந்தக் கணக்கில் குறி சொல்பவர்களுக்கு என்ன இடம்? ஆள் காணாமல் போனதும் "தண்ணீருக்கு அருகே, மேற்கே இருக்கிறார்" என்று சொல்ல எங்கும் யாராவது வந்துவிடுகிறார்கள். பேயஸ் விதி அவர்களையும் கதவடைத்து விரட்டுவதில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கிறது: கார் மேற்கே இருந்தால் இவர் "மேற்கு" என்று சொல்லும் வாய்ப்பு எவ்வளவு, கிழக்கே இருந்தால் எவ்வளவு? இரண்டும் சமம் என்றால் அவர் சொல்லால் ஒரு சதவீதமும் அசையாது. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக ஒரு ஜீப்பை மேற்கே அனுப்பினால், அந்த ஜீப் 'ஆ'வில் தேடியிருக்க வேண்டிய மணி நேரங்கள் போய்விடுகின்றன. தாகத்தோடு ஒருவர் காத்திருக்கும்போது அந்த மணி நேரங்கள் உயிருக்குச் சமம். துயரத்தில் இருக்கும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துயரத்தில் நுழைந்து இடம் சொல்பவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

இன்னொரு ஆதங்கமும் சொல்லிவிடுகிறேன். கடலில் எதைத் தேடினால் வீச்சு அகலம் எவ்வளவு என்பது பல பத்தாண்டுகளாக அட்டவணைகளில் இருக்கிறது. போர்க்காலத்தில் தொடங்கிய வேலை அது. நிலத்தில், புதர்க்காட்டில், ஒரு மனிதருக்கு வீச்சு அகலம் எவ்வளவு என்று பொம்மைகளை ஒளித்துவைத்துத் தன்னார்வலர்களை நடக்கவிட்டு முறையாக அளந்தது பெரும்பாலும் 2000-க்குப் பிறகுதான். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பொம்மைகளும் சில வார இறுதிகளும் போதும். ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் தனித்தனியாக அளக்க வேண்டியிருப்பதால் தொடர்ந்து பணம் மட்டும் தேவை. முதியவர்கள் பெருகிவரும் உலகில் இதற்கு நிதி ஒதுக்கக் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள் என்று பாலைவனச் சாலைகளில் எச்சரிப்பதற்கும் வீச்சு அகலம் ஒரு காரணம். காரின் பெரிய வீச்சு அகலத்தை விட்டு இறங்கி மனிதரின் சிறிய வீச்சு அகலத்துக்குள் போகிறோம். காருக்குள் வெந்துபோகாமல் அதன் நிழலில் உட்காருவது நல்லது.

வாசகி குறிப்பிட்ட அந்த மூன்றாம் நாள் பறத்தல் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் நாள் உச்சி வெயிலில் கிழக்கிலிருந்து போயிருந்தால், இப்போது மாலையில் மேற்கிலிருந்து, இன்னும் தாழ்வாக, மெதுவாக வர வேண்டும். சாய்ந்த வெயிலில் மண்ணின் சின்ன மேடு பள்ளத்துக்கும் நீளமான நிழல் விழும். நண்பகலில் வெறும் புழுதியாகத் தெரிந்த சாலையோரத்தில், தாரை விட்டு இறங்கிப் புதருக்குள் போகும் இரண்டு டயர் தடங்கள் அப்போது கருங்கோடுகளாக எழுந்து தெரியும்.