கருப்பை வெளியே தள்ளிய மாடு: டொக்டர் வரும்வரை

விடியற்காலையில் தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "கன்று நல்லபடியாக விழுந்துவிட்டது டொக்டர். பின்னால் சிவப்பாக ஏதோ பெரிதாகத் தொங்குகிறது." மாட்டை நடக்கவிடாமல், தொங்குவதை ஈரத்துணியால் மூடிவைக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

நான் போனபோது மாடு படுத்திருந்தது. பழைய பருத்திச் சேலையை நனைத்து, வெளிவந்த கருப்பையைச் சுற்றி, அதை ஒரு சுளகில் ஏந்தி, அம்மாவும் மகனும் இருபுறமும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். காகத்தை விரட்ட ஒரு சிறுவன் நின்றான். சுளகில் ஏந்தச் சொல்லிக் கொடுத்தவன் நானல்ல. அந்த மாடு பிழைத்ததில் பாதிப் பங்கு அந்தச் சுளகுக்கு உண்டு. தொங்கினால் பாரம் இரத்தக் குழாயை இழுக்கும், வீக்கமும் ஏறும். உள்ளே பெருங்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் மாடு போய்விடும்.

வெருகல் பக்கம் ஒரு காட்டோரப் பட்டியில் அப்படித்தான் ஒரு பசுவை இழந்தேன். பெரும்போகம் விதைத்தபின் மாடுகள் வயலை விட்டுத் தூரப் போய்விடும், மழையில் பாதையும் கெட்டுவிடும். கருப்பை தொங்கத் தொங்க அந்தப் பசு சேற்றில் நடந்திருந்தது. நான் பையைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டது. இன்றும் அது மனதை அறுக்கிறது.

கருப்பை தள்ளுவது பெரும்பாலும் ஈன்ற சில மணி நேரத்துக்குள். மேலே பொத்தான் பொத்தானாக முடிச்சுகள் தெரியும், இளங்கொடியும் (நஞ்சுக்கொடி) ஒட்டியிருக்கலாம். இளங்கொடி என்று நினைத்துக் கருப்பையையே இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எதையும் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் போதும். வெறுங்கையால் தொடாதீர்கள்; மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் நோய் இப்படியும் மனிதருக்குத் தொற்றும்.

வால் அடியில் முள்ளந்தண்டு இடைவெளியில் விறைப்பு ஊசி போட்டால் முக்கல் அடங்கும். மாட்டை நெஞ்சின்மேல் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் தவளைபோல் பின்னுக்கு நீட்டினால் வேலை இலகு. வெதுவெதுப்பான மருந்துநீரில் கழுவியபின், வீக்கம் அதிகமென்றால் சீனியைத் தூவுவோம். அது நீரை உறிஞ்சிச் சுருக்கும். பிறகு விரல் நுனி படாமல், மடக்கிய கையால், பிறப்புறுப்பின் வாசலை ஒட்டிய பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளவேண்டும். விரல் குத்தினால் கருப்பை கிழியும். கடைசியில் கருப்பைக் கொம்பின் (கருப்பையின் கிளை) நுனி முழுவதும் விரிந்திருக்கவேண்டும். கை எட்டாவிட்டால் சுத்தமான போத்தலைப் பிடித்து நீட்டுவோம். நுனி மடிந்து கிடந்தால் மாடு மறுபடி முக்கும், மறுபடி தள்ளும். உள்ளே போனபின்தான் கருப்பையைச் சுருக்கும் ஒக்சிரொசின். கூடவே கல்சியமும் அன்ரிபயோட்டிக்கும்.

கல்சியம் குறைந்த மாட்டுக்குக் கருப்பை சோர்ந்துபோகும். கறவை மாட்டுக்குத் தாதுக் கலவை கொடுங்கள். வைக்கோல் மட்டும் போதாது. கன்று சிக்கினால் நாலைந்து பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பதும் இதில்தான் கொண்டுபோய் விடும்.

ஈனுவதற்கு முன்பே, சினையின் கடைசி மாதங்களில் தள்ளுவது வேறு. அது யோனி. படுத்தால் வழுவழுப்பான உருண்டையாகத் தெரியும், எழுந்தால் உள்ளே போய்விடும். எருமையிலும் காண்கிறோம். "தானாகப் போகிறதே" என்று விட்டுவிடுவார்கள். நாளாக ஆக வெளியிலேயே நின்றுவிடும், சிறுநீர்ப்பையும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். கருப்பை தள்ளிய மாடு மறுபடி சினைப்பட்டு நல்லபடியாக ஈனலாம். யோனி தள்ளிய மாட்டுக்கோ அடுத்த சினையிலும் வர வாய்ப்பு அதிகம், கன்றுக்கும் அந்தக் குணம் இறங்கலாம்.

இதற்கு வாசலில் தையல் போடுவோம். அந்தத் தையலை ஈனுவதற்கு முன் பிரித்தாக வேண்டும். மடி இறங்கத் தொடங்கியதும் அழையுங்கள். மாட்டை விற்பதானால் வாங்குபவரிடம் தையல் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.