ஆன்லைன் ரெபுடேஷன்: இணைய நற்பெயரும் அதைப் பேணுவதும்

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தால் படங்கள், பதிவுகள், பின்னூட்டங்கள், பிறர் அவரைப் பற்றி எழுதியவை எனப் பலவும் வந்து விழும். அவை எல்லாம் சேர்ந்து பார்ப்பவர் மனத்தில் உண்டாக்கும் மதிப்பே 'ஆன்லைன் ரெபுடேஷன்'. அதைக் கவனித்துச் சீர்செய்வது 'ரெபுடேஷன் மேனேஜ்மென்ட்'. முன்பெல்லாம் கும்பகோணத்துப் பாத்திரக்கடையிலோ மன்னார்குடி அரிசி ஆலையிலோ ஆள் எடுக்கும்போது "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு, தெரிந்தவர் ஒருவரை விசாரிப்பார்கள். டெல்டாவிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் அனுப்பும் இன்றைய பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் நிறுவனம் இணையத்தைக் கேட்கிறது.

இந்தச் சொல்லைத் தமிழில் 'இணையப் புகழ்' என்றும் 'டிஜிட்டல் பிம்பம்' என்றும் 'ஆன்லைன் நற்பெயர் மேலாண்மை' என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். எது பொருந்தும் என்பதற்கு மூலச்சொல்லைப் பார்ப்பது உதவும்.

இலத்தீனில் 'புடாரே' என்றால் எண்ணுதல், கணக்கிடுதல். கிளை கழித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'ரெ' என்ற முன்னொட்டு சேர்ந்தால் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தல். அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது ரெபுடேஷன். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கும் அதே 'புடாரே'தான் வேர். ஆக, ரெபுடேஷன் என்பது நம்மைப் பற்றிப் பிறர் போடும் கணக்கு. நாம் போட்டுக் கொடுக்கும் கணக்கு அன்று.

இதை வைத்துப் பார்த்தால் புகழ் பொருந்தவில்லை. அது நல்லதை மட்டுமே குறிக்கும், ரெபுடேஷனோ கெட்டதாகவும் இருக்கலாம். பிம்பம் என்பதில் நாமே செய்து வைத்த தோற்றம் என்ற சாயல் ஏறியிருக்கிறது. கீர்த்தி என்று சொல்லலாமா என்றால், அது வடசொல், ஆனால் அதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே அது நம்மோடு பேசுகிறது. 985இல் பட்டமேறிய முதலாம் இராசராசன், கல்வெட்டின் தொடக்கத்தில் தன் வெற்றிகளைச் செய்யுளாகப் பொறிக்கும் மெய்க்கீர்த்தியைச் சோழர் வழக்கமாக்கினான். 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கும் அது, ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகளும் சேர்ந்து நீண்டது. அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதுவித்தது என்பதால் இன்றைய சொல்லில் அது தற்குறிப்பு. அதே கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த பொன், ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்துப் பதிவாகியிருக்கிறது. அரசன் கொடுத்தது மட்டுமல்ல, அவன் அக்கனும் (தமக்கையும்) பெண்டுகளும் (மனைவியரும்) மற்றவர்களும் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட்டது. பிறர் சரிபார்த்துக்கொள்ளக் கூடியது இந்த எடைக்கணக்கு. வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் 'கடின உழைப்பாளி', 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்று எழுதுவது மெய்க்கீர்த்தி. செய்த திட்டப்பணி என்ன, எத்தனை பேர் சேர்ந்து செய்தது, அதில் தன் பங்கு எது என்று எழுதுவது ஆடவல்லான் எடை. வேலை தருபவர் தேடுவது இரண்டாவதை.

சரியான தமிழ் நம் வாயிலேயே இருக்கிறது: பேர். 'நல்ல பேர் எடுத்தான்', 'பேரைக் கெடுத்துக்கொண்டான்' என்று இரு பக்கமும் அது போகும். கொடுப்பது ஊர், வாங்குவது நாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. இன்னொன்று, சொல். 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணித் தகைசான்ற சொற்காத்து' என்ற குறளில் வரும் சொல்லுக்குப் புகழ் என்று பரிமேலழகர் பொருள் உரைக்கிறார். இல்லாளைப் பற்றிய குறள்தான். ஆனாலும் பிறர் சொல்லும் சொல்லே ஒருவரின் மதிப்பு என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது. 'ஒரு சொல்லுக்கு இடம் வைக்காதே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதையே.

மேனேஜ்மென்ட் என்பதற்கு மேலாண்மை இங்கே வேண்டாம். பிறர் போடும் கணக்கை நாம் ஆள முடியாது. அதே குறளில் இருக்கும் பேணுதல் போதும்: காப்பது, கவனித்து வளர்ப்பது. 'இணைய நற்பெயர் பேணல்' என்று எழுதலாம். பேச்சில் 'இணையத்தில் பேர் காப்பது' என்றாலே விளங்கும்.

பேணுவதில் முதல் வேலை பெயரிலேயே தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். சான்றிதழில் தலைப்பெழுத்தோடு கயல்விழி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு கயல்விழி, முகநூலில் ஊர்ப் பெயரோடு கயல்விழி. ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் ஓரிடத்தில் 'எல்', ஓரிடத்தில் 'இசட்எச்'. எல்லாம் ஒரே ஆள் என்று தேடுபொறி சேர்த்துக் காட்டும் என நம்பக் கூடாது. அதே பெயருள்ள வேறொருவரின் வம்பு நம் பேரில் வந்து ஏறவும் கூடும். பட்டச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே மின்னஞ்சல், லிங்க்ட்இன், விண்ணப்பம் மூன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் கணக்குகளில் நுழையாத, உலாவியின் தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயரைத் தேடுங்கள். கைப்பேசி எண்ணையும் தேடிப் பாருங்கள். உள்நுழைந்த நிலையில் தேடினால் உங்களுக்கென்று மாற்றிய முடிவுகள் வரலாம்.

பள்ளி நாளில் திறந்த முகநூல் கணக்கில் நடிகர் பெயரை ஒட்டி வைத்திருந்தால் யாரும் பெரிதாக எண்ண மாட்டார்கள். சாதிப் பெருமை பேசி, இன்னொரு தெருவை இழிவாக எழுதிய பதிவு அப்படியன்று. நம் பக்கத்தில் திருவிழாவுக்குத் திருவிழா இப்படி எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்; அந்தத் தெருவிலிருந்து வந்தவரே நாளை நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பார். வேலைக்காக மட்டுமில்லாமல், எழுதியது தவறு என்பதற்காகவே அதை நீக்க வேண்டும். மற்றப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை என்றால், எல்லோருக்கும் திறந்திருந்தவற்றை ஒரே அமைப்பில் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி முகநூலில் சுருக்கிக்கொள்ளலாம். நீக்கிய பதிவின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) யாரிடமாவது இருக்கக் கூடும். அதைப் பற்றி நேர்காணலில் கேட்டால் மறுக்காமல், எப்போது எழுதியது, ஏன் நீக்கியது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

உங்கள் பெயரிலும் படத்திலும் வேறு யாராவது கணக்கு நடத்துவது தெரிந்தால், விண்ணப்பம் அனுப்பும் முன்பே அந்தத் தளத்தில் ஆள்மாறாட்டப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணையும், அந்தப் போலிக் கணக்கின் திரைப்பிடிப்பையும் தேதியோடு எடுத்து வையுங்கள். நிறுவனம் கேட்டால் காட்டுவதற்கு அவை சான்றாகும்.