அண்ணனுக்கு ஹீமோஃபிலியா, தங்கை கேரியரா?

ஹீமோஃபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், உள்ள ஒருவரின் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதோ, அவர் கருவுற்ற பிறகோதான் வீட்டில் இந்தக் கேள்வி எழுகிறது. கருவுறும் முன்பே கேட்டுவிட வேண்டும். குடும்பத்தினர் பலரின் ரத்தம் தேவைப்படும், முடிவு வர நாளாகும்.

நோய்க்குக் காரணமான எஃப்8 மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பழுது இருந்தால் நோய் வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் மட்டும் பழுது இருந்தால் அவர் கேரியர், அதாவது பழுதைச் சுமப்பவர். தாய் கேரியர் என்றால், மகளுக்குப் பழுதான எக்ஸ் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. நோயுள்ள தந்தையின் மகள்களோ எல்லோருமே கேரியர்கள்தான்.

எஃப்8 மரபணு தரும் உறையவைக்கும் புரதம்தான் ஃபேக்டர் 8. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா? முடியாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்து கிடக்கும். எது அணையும் என்பது தற்செயல். அதனால் ஒரு கேரியருக்கு இயல்பான அளவில் 30 சதவீதம் இருக்கும், இன்னொருவருக்கு 90 இருக்கும். 'ஓ' ரத்த வகையினருக்கு இயல்பாகவே அளவு சற்றுக் குறைவு. கர்ப்ப காலத்தில் அது ஏறிவிடும். ஆனாலும் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். குறைவாக உள்ள பெண்ணுக்கு மாதவிடாயிலும் பல் பிடுங்கும்போதும் பிரசவத்திலும் அதிக ரத்தப்போக்கு வரலாம்.

கடுமையான ஹீமோஃபிலியா ஏ என்றால் ஆய்வகம் முதலில் தேடுவது 'இன்ட்ரான் 22 தலைகீழ் மாற்றம்'. இன்ட்ரான் என்பது மரபணுவின் இடைப்பகுதி; 22-ஆவது இன்ட்ரானை ஒட்டி மரபணுவின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிடும் பழுது இது. கடுமையான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுதான் காரணம். அண்ணனிடம் இது இருந்தால் தங்கையிடம் நேரடியாகத் தேடலாம், மார்க்கர் எனும் மறைமுக அடையாளமே வேண்டாம். இல்லையென்றால் மரபணு முழுவதையும் வரிசைப்படுத்திப் பழுதைத் தேடுவார்கள். அதற்கு வசதியில்லாதபோதும், பழுது பிடிபடாதபோதும் மார்க்கர் கைகொடுக்கும்.

மார்க்கர் என்பது பழுது அல்ல, பழுதுக்குப் பக்கத்தில் இருக்கும் தீங்கற்ற வேறுபாடு. இன்ட்ரான் 18-இல் உள்ள பிசிஎல்-1 மார்க்கரை எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தை பிசிஆர் மூலம் பெருக்கினால் 142 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு கிடைக்கும். டிஎன்ஏ-வை வெட்டும் பிசிஎல்-1 நொதியைச் சேர்த்தால் சிலருடைய துண்டு 99, 43 என இரண்டாக வெட்டுப்படும், சிலருடையது வெட்டுப்படாது. ஜெல்லில் ஓடவிட்டால் பட்டைகளாகத் தெரியும்.

தாயிடம் இரண்டு வகையும் இருந்தால்தான் இந்த மார்க்கர் பயன்படும். நோயுள்ள அண்ணனிடம் 142 பட்டை என்றால், இந்தக் குடும்பத்தில் பழுது 142-உடன் பயணிக்கிறது. இனித் தந்தையின் பட்டையைப் பார்க்காமல் தங்கையின் முடிவைச் சொல்லக் கூடாது. தங்கையிடம் 142, 99 இரண்டும் தெரிகின்றன என்று வையுங்கள். தந்தையுடையது 99 என்றால், 142 தாயிடமிருந்து வந்தது: தங்கை கேரியர். தந்தையுடையது 142 என்றால், தாய் கொடுத்தது 99: தங்கை கேரியர் அல்ல. அதே ஜெல், அதே பட்டைகள், நேரெதிர் விடை! வேறொரு குடும்பத்தில் 99-உடன்கூடப் பழுது பயணிக்கலாம்.

நொதி முழுதாக வெட்டாவிட்டால் 142 மிச்சமிருந்து, கேரியர் அல்லாதவரும் கேரியர்போலத் தெரிவார். இதைப் பிடிக்க நல்ல வழி, வெட்டுப்படும் வகை ஆணின் மாதிரியை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவது. ஒரே எக்ஸ் உள்ள ஆணிடம் இரண்டு வகைப் பட்டையும் தெரிந்தால் வெட்டு முழுமையடையவில்லை, அல்லது மாதிரியில் கலப்படம். அன்றைய முடிவு எதையும் நம்பக் கூடாது.

மரபணுவுக்கு வெளியே உள்ள மார்க்கர் என்றால், கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ்களும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் நூறில் சில முறை விடை தவறும். மரபணுவுக்குள்ளேயே உள்ள மார்க்கரில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை, அண்ணனுக்கு மட்டும்தான் என்றால் சிக்கல் கூடும். பழுது அவரிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம். தாயிடமிருந்து அண்ணனுக்கு வந்த அதே எக்ஸ் தங்கைக்கு வரவில்லை என்றால் கவலையில்லை. வந்திருந்தால், அதில் பழுதும் இருக்கிறதா என்று மார்க்கரால் சொல்ல முடியாது; பழுதையே தேட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நோயுள்ளவரின் மாதிரி வேண்டும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இந்தப் பரிசோதனைகள் நடக்கின்றன. தங்கைக்குக் கல்யாண வயது வரும்வரை காத்திருக்காமல், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த அண்ணனின் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ-வைப் பிரித்து இப்போதே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அவர் இறந்துபோன குடும்பங்களில், தாயின் எந்த எக்ஸில் பழுது என்று அடையாளம் காட்டப் பல சமயம் வேறு ஆளே இருப்பதில்லை.