எக்ஸ்ரேவுக்கு முன்பே ரத்தம் சொல்லுமா?

ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் தண்ணீர் விடாமல் கல்லை இழைத்தால், சற்று நேரத்திலேயே ஆளின் புருவம் வெளுத்துவிடும். அந்தத் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியே ஆளைக் கொல்கிறது. மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய படிக சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. அங்கே காவலிருக்கும் செல்கள் அவற்றை விழுங்கி, செரிக்க முடியாமல் மடிகின்றன. வெளியே வரும் துகளை அடுத்த செல் விழுங்கி, அதுவும் மடிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும், அதுதான் சிலிக்கோசிஸ். ஓயாத அந்த அழற்சி டிஎன்ஏவையும் சிதைக்கிறது. வேலையிடத்துப் படிக சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அறிவித்தது.

இந்தச் சேதத்தின் தடயங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. மூச்சுக்குழாய்ச் சுவர் சுரக்கும் சிசி16 என்ற புரதம், தூசியால் அந்தச் செல்கள் அழிய அழியக் குறையும். ஆனால் அது நுரையீரல் சேதத்தைத்தான் காட்டும், புற்றுநோயை அல்ல. புற்றுநோய்க்கு வேறு தடயம் தேவை. செல் புற்றாக மாறாமல் காக்கும் பி53 மரபணு பழுதானால் உருக்குலைந்த புரதம் செல்லில் தேங்கும். உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்புரதம் உண்டாக்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் கெட்டவர்களில் சிலரிடம், புற்றுநோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்புரதம் ரத்தத்தில் தென்பட்டது. இந்தத் துறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இதுதான்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஆயிரம் தொழிலாளர்களில் 10 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் நல்ல சோதனைகூட அந்தப் பத்தில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். நோயே இல்லாத 99 பேருக்கும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். அந்த 99 குடும்பங்களின் தூக்கத்தை யார் திருப்பித் தருவது? அதனால்தான் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இடைவெளி விட்டு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். சந்தேகப்பட்டவருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள்.

இதெல்லாம் பலிக்க, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்ற விவரம் முதலில் வேண்டும். சிலிக்கோசிஸும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒருவருக்கே இரண்டும் வரலாம். இருமலோடு சித்தூருக்கோ வேலூருக்கோ போகும் பாலிஷ் தொழிலாளியின் சீட்டில் டிபி மாத்திரை இருக்கும், தொழில் இருக்காது. புற்றுநோயில் உயரும் சிஇஏ என்ற இன்னொரு ரத்தத் தடயம் பீடி பிடிப்பவருக்கும் உயரும். அவருடைய தூசிக் கணக்கும் பீடிக் கணக்கும் தெரியாத மருத்துவர், உயர்ந்த சிஇஏ அளவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.