பழைய பேப்பர் மூட்டைக்குள் ஒரு பில்

மறுசுழற்சிக் காகித ஆலைகளுக்குக் கச்சாப்பொருளின் தரம் பார்த்துச் சொல்வது என் தொழில் என்பதால், கீழக்கரை முதல் இராமேசுவரம் வரையுள்ள பழைய பேப்பர் கடைகளில் மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். மண்டபத்துக் கடையொன்றில் அண்மையில் பிரித்த மூட்டையில், பள்ளி நோட்டுகளுக்கும் தினசரிகளுக்கும் நடுவே, பேருந்துச் சீட்டுகளும் விடுதி பில்களும் மீன் எடைச் சீட்டுகளுமாக ஒரு கூடை நிறைய வழவழப்பான தாள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் கீறிக் காட்டினேன். மையே இல்லாமல் கறுப்புக் கோடு விழுந்தது. "இதுவும் பேப்பர்தானே சார், எடையோடு சேர்த்துத்தான் போடுவோம்" என்றார் கடைக்காரர்.

உரசும் சூட்டில் கறுக்கும் அந்தத் தெர்மல் தாளின் பூச்சில், நிறத்தை வெளிக்கொணர, பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருளை நெடுங்காலமாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் போல அது பிணைந்து கிடப்பதில்லை; தொட்டால் விரலிலும், கூழாக்கினால் தண்ணீரிலும் இறங்கிவிடும். நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் தெர்மல் தாளில் இதன் அளவு எடையில் 0.02 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று 2020 ஜனவரி 2 முதல் வரம்பிட்டது. பல உற்பத்தியாளர்கள் அதன் உறவுக்காரரான பிஸ்பினால் எஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். அதைப் பெரிய நிம்மதியாக நான் கருதவில்லை.

சட்டம் பெரும்பாலும் ஆலை புதிதாகச் சேர்க்கும் பொருளையே கண்காணிக்கிறது. மறுசுழற்சி ஆலையோ தான் சேர்க்காததையும் சுமக்கிறது: யாரோ எங்கோ அச்சிட்ட பில் கூழில் கரைந்து, பழுப்பு அட்டைப் பெட்டியாகத் திரும்பி வருகிறது. நாளிதழ் மையும் அப்படியே. அதிலுள்ள கனிம எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, தாளுக்குள் ஊறி நிற்கிறது. படித்தபின் விரல் கறுப்பது அதனால்தான். மை நீக்காமல் செய்த அட்டையிலிருந்து அந்த எண்ணெய் காற்றுவழியாகவே, தொடாமலே, உள்ளிருக்கும் உணவுக்குச் செல்லும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியக்கூடாது என்று 2018ஆம் ஆண்டின் இந்தியப் பொதிவு விதிகள் தடுத்துள்ளன. ஆயினும் இந்தக் கரையோரத்தில் கருவாட்டையும் எண்ணெய் வடியும் பஜ்ஜியையும் அதில்தான் மடித்துத் தருகிறார்கள். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக்குப் பனையோலைப் பெட்டி இருக்கிறதே, அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

ஆலையில் மிதப்புத் தொட்டி வைத்து மையைப் பிரிக்கலாம். ஆனால் கூழில் கரைந்துவிட்ட பிஸ்பினாலை அது முழுதாகப் பிடிக்காது, ஒரு பங்கு கழிவுநீரோடு போகும். ஆகவே பில்லைக் கடையிலேயே ஒதுக்குவதுதான் மலிவான வழி. நகத்தால் கீறினால் கறுப்பது எதுவோ, அது தனிச் சாக்கு, ஆலைக்கு வேண்டாம். பில்லை வாங்கும் நாமும் அதை நோட்டுகளோடு சேர்த்து எடைக்குப் போடாமல் குப்பையில் இடலாம்.

மண்டபத்துக் கடைக்காரர் அன்றே ஒரு சாக்கைத் தனியே கட்டித் தொங்கவிட்டார். கட்டிக்கொண்டே, "இந்தச் சாக்கின் எடைக்கு யார் சார் காசு தருவார்கள்?" என்று கேட்டார். நான் போய்வரும் ஆலைகளில் எதுவும் அதற்கு இன்னும் விலை வைக்கவில்லை.