மேகத்தைக் கறக்கும் மரம்

"வெட்டினால் ரத்தம் கொட்டும் அதிசய மரம்" என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பி, "இது நிஜமா சார்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். மரம் நிஜம். ரத்தம் என்பது பிசின். ஏமனைச் சேர்ந்த சொகோத்ரா தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் டிராகன் ரத்த மரம் இது. தாவரவியலில் டிரசீனா சின்னபாரி. பட்டையைக் கீறினால் சிவப்பாக வடிந்து கட்டியாகும். சாயம், வார்னிஷ், மருந்து என்று காலங்காலமாக நடக்கும் வியாபாரம். யானையும் டிராகனும் சண்டை போட்டுச் சிந்திய ரத்தம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்தக் காலத்து ஃபார்வர்டு!

சரி, பிசினை விடுங்கள். எனக்குப் பிடித்தது இதன் தலை. காற்றில் மேல்பக்கம் மடங்கிப்போன குடை மாதிரி இருக்கும். கிளைகள் பிரிந்து பிரிந்து ஏறி, நுனியில் மட்டும் விறைப்பான, ஒடுங்கிய இலைக்கொத்துகள். சொகோத்ராவில் மழை குறைவு. ஆனால் பருவக்காற்றுக் காலத்தில் 1,500 மீட்டர் உயரமுள்ள ஹஜ்ஹிர் மலையை மேகம் உரசிக்கொண்டு போகும்.

மேகத்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். தானாகக் கீழே விழாது, காற்றோடு போய்விடும். அகலமான சுவர் எதிரே வந்தால் காற்று தூரத்திலேயே மெல்ல விலகும். துளியும் கூடவே விலகிவிடும். ஒல்லியான இலை என்றால் காற்று கடைசி நொடியில் சடாரென்று வளைய வேண்டும். காற்றைவிடக் கனமான துளிக்கு அந்தத் திருப்பம் முடியாது. பஸ் வளைவில் திரும்பும்போது நிற்கிறவர் பக்கத்து ஆள்மேல் சாய்கிறாரே, அப்படி நேராகப் போய் இலையில் மோதிவிடும். மூடுபனியில் பைக் ஓட்டினால் முதலில் மீசையும் புருவமும் ஈரமாவது இதனால்தான். ஒட்டிய துளிகள் சேர்ந்து, இலை வழியே அதன் அடிப்பகுதிக்கு இறங்கும். கொஞ்சத்தை அங்கேயே மரம் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் கிளையிலும் தண்டிலும் வழிந்து வேருக்குப் போகும். கீழே விழுந்த ஈரம் காயாமல் குடையின் நிழல் பார்த்துக்கொள்ளும்.

அதிர்ஷ்டம் வரும் என்று மேஜையில் வைக்கிறோமே 'லக்கி பாம்பூ', அது மூங்கிலே இல்லை. இதே டிரசீனா பேரினம்தான். நம் ஊர் மருள் செடியையும் இப்போது இந்தப் பேரினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

2015 நவம்பரில் சொகோத்ராவில் சபாலா, மேக் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் வந்து ஏராளமான மரங்களைச் சாய்த்தன. விழுந்த இடத்தில் புதுக் கன்று எழும்பாததற்குக் காரணம் ஆடுகள், முளைத்ததை மேய்ந்துவிடும். அதனால் தீவுக்காரர்கள் சிலர் வேலி போட்டுக் கன்று வளர்க்கிறார்கள். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வருவதற்குள் வேலி போட்டவர் கிழவராகிவிடுவார்.