சி.டி.சி.: ஆள்செலவு வேறு, ஊதியம் வேறு

பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள கல்லூரிகளில், நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வு முடிந்தால் ஊருக்குள் முதலில் பரவுவது ஓர் எண்தான்: ‘நாலு இருபது’, ‘மூணு அறுபது’. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய், 3,60,000 ரூபாய் என்று பொருள். வேலை உறுதிக் கடிதத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சி.டி.சி. என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் தாத்தா கேட்பது வேறு கேள்வி: “கைக்கு எவ்வளவுடே வரும்?” இரண்டும் ஒன்றல்ல, தாத்தா கேட்பதே சரியான கேள்வி.

சி.டி.சி. என்பது ‘காஸ்ட் டு கம்பெனி’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். ஓர் ஆளை ஓராண்டு வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு அது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் பிறந்த சொல் என்பதால் தொழிலாளியின் பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கார், பிசானம் என்று இரு பூவும் நெல் வைக்கும் தாமிரபரணிக் கரையில் நடவு முடிந்ததும் ‘ஆள்செலவு எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்பார்கள். கூலி, சாப்பாடு, வண்டிவாடகை எல்லாம் அதில் அடங்கும். நட்டவர் கையில் போனது கூலி மட்டுமே. சி.டி.சி.க்கு ‘ஆள்செலவு’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை என்பது எங்கள் கருத்து. ‘நிறுவனத்துக்கான மொத்தச் செலவு’ என்பது சரியான மொழிபெயர்ப்புதான், ஆனால் வாயில் நிற்காது.

தமிழிலேயே சம்பளம், ஊதியம், கூலி என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. சம்பளத்தைச் சம்பா நெல்லும் அளமும், அதாவது உப்பும், சேர்ந்த சொல்லாகச் சிலர் விளக்குவர். வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லோடு இணைப்போரும் உண்டு. கூலி, குறள் 619-இல் உழைப்பின் பயனாக வருகிறது. நமக்கு இங்கே முக்கியம் ஊதியம். குறள் 461 அழிவது, ஆவது, பின் வரும் ஊதியம் மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்கச் சொல்கிறது. அங்கே ஊதியம் என்றால் செலவு போக நிற்கும் ஆதாயம். வேலைக் கடிதத்தைப் படிக்க வேண்டிய முறையும் அதுவே: அழிவதைக் கழித்த பிறகு மிஞ்சுவது எது?

4,20,000 ரூபாய் ஆள்செலவை மாதத்துக்கு 35,000 என்று எடுத்துக்கொண்டு கழிப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, 17,500. முதலில் மொத்தத்தில் பத்து விழுக்காடு, 3,500 ரூபாய், ‘வேரியபிள்’ என்ற மாறுசம்பளம். அது ஆண்டு முடிவில், மதிப்பீட்டுக்கும் நிறுவனத்தின் இலாபத்துக்கும் ஏற்பக் கிடைக்கலாம், குறையலாம். அடுத்து நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்புநிதிப் பங்கு: சட்டப்படியான ஊதிய வரம்பு 15,000 ரூபாய், அதில் 12 விழுக்காடு 1,800. அந்த 1,800-லும் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், 550 மட்டுமே உங்கள் வைப்புநிதியில் சேரும். ‘கிராஜுவிட்டி’ என்ற பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு, சுமார் 842. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் இது கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் வேலை மாறுபவர் இதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 என்று வைத்தால் மாதம் 667. எல்லாம் போக நிற்பது சுமார் 28,190. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800-ம், அரையாண்டுக்கு 1,250 என்ற தொழில்வரியின் மாதப் பங்கு 208-ம் கழியும். கைக்கு வருவது சுமார் 26,180.

மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கும் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் தாய்மாருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆயிரம் பீடிக்குப் பேசிய கூலி வேறு, பிடித்தம் போகக் கொடுப்பது வேறு என்பது அவர்களுக்கு அத்துப்படி. பிள்ளையின் கடிதத்தை அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவது நல்லது.

எனவே கடிதம் வந்ததும் கேட்க வேண்டியது சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் ‘அனெக்ஸர்’ எனப்படும் பிரிவுத்தாள். அது இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். அடிப்படைச் சம்பளத்தை மிகவும் குறைத்துக் காட்டியிருந்தால் இதைச் சொல்லி விளக்கம் கேட்கலாம்.

அடுத்த சொல் ‘நெகோஷியேஷன்’. தமிழில் பேரம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. நூறு பேரை ஒரே சம்பளத்துக்கு எடுக்கும் வளாகத் தேர்வில் மொத்த எண் நகராது. ஆனால் சேரும் தேதியும் பணியிடமும் நகரும். நெல்லைப் பக்கத்துக் கங்கைகொண்டானிலோ தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலோ வீட்டிலிருந்தே போய்வரும் வேலைக்குக் கைக்கு 21,000 வந்தாலும், சென்னையில் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் 11,000 கொடுத்துவிட்டுப் பெறும் 26,180-ஐவிட மிச்சம் கூடும். பயிற்சி எங்கே சிறப்பு என்பதைத் தனியாக எடைபோட வேண்டும், சில நேரம் அதற்காகவே சென்னை தேவலை. சிறு நிறுவனங்களில் தனியாகத் தேர்வானவருக்கு இடம் அதிகம்: மாறுசம்பளத்தில் ஒரு பகுதியை நிலைச்சம்பளமாக்கக் கேட்கலாம், குறிப்பிட்ட காலம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ‘பாண்ட்’ என்ற பணி ஒப்பந்தத்தை இரண்டாண்டிலிருந்து ஒன்றாக்கக் கேட்கலாம். கேட்பது கையெழுத்துக்கு முன்னால், ஒரே மின்னஞ்சலில், எண்ணும் காரணமும் சேர்த்து. ‘கொஞ்சம் கூட்டித் தாருங்கள்’ என்றால் பதில் வராது. ‘இந்தத் திட்டப்பணியைச் செய்திருக்கிறேன், நிலைச்சம்பளம் 3,80,000 ஆனால் உடனே சேர்கிறேன்’ என்றால் எதிரில் இருப்பவர் அதைக் கொண்டுபோய் மேலே பேச முடியும். ஒப்புக்கொண்டதை வாய்ச்சொல்லாக விடாமல் திருத்திய கடிதமாக வாங்க வேண்டும்.

‘ஜாய்னிங் போனஸ்’ என்ற சேர்க்கைத் தொகை தருகிறோம் என்றால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். வேலையை விடுமுன் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம் 90 நாள் என்றால் அடுத்த வேலை மாறும்போது இடிக்கும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று முன்பணம் கேட்கும் கடிதம் வேலைக்கானது அல்ல. ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்பது விருப்பக் கடிதம் மட்டுமே, அதை நம்பி மற்ற வாய்ப்பை விடக் கூடாது.

இணையப் படிவங்களில் ‘எக்ஸ்பெக்டெட் சி.டி.சி.’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் கைக்கு வேண்டிய தொகையை எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. கைக்கு 30,000 வேண்டுமானால் 12-ஆல் பெருக்கி 3,60,000 என்று நிரப்பினால் மாதம் எட்டாயிரம் குறையும். அந்த 30,000-உடன் தொழில்வரி, இரண்டு பங்கு பி.எஃப்., காப்பீடு சேர்த்தால் 34,475. பணிக்கொடையும் பத்து விழுக்காடு மாறுசம்பளமும் ஆள்செலவில் 12.4 விழுக்காடு, ஆகவே 0.876-ஆல் வகுத்தால் 39,350. ஆண்டுக்கு 4,72,000. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது இது.